இறைச்சிக்கடையில் ஒரு சைவ டொக்டர்

எங்கள் தொழிலில் நோயாளி வாயைத் திறந்தால் கடிப்பார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவர் வாயைத் திறந்தால் பொய் சொல்வார்.

வெளிநாட்டில் படித்து, பட்டத்தோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கி, "இது இங்கே செல்லாது, இன்னுமொரு சோதினை எழுதுங்கோ" என்று கேட்டுக் கலங்கி நின்ற டொக்டர்மாரே, பல் டொக்டர்மாரே, சட்டம் படித்தவர்களே, நீங்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர். நான் மிருக வைத்தியம் படித்தவள். தமிழ்நாட்டில் ஐந்தரை வருடம் மாட்டிடம் உதையும் பூனையிடம் கீறலும் வாங்கிப் பட்டம் எடுத்தவள். ஆனால் இலங்கையில் தொழில் செய்ய, மிருக வைத்தியக் கவுன்சில் நடத்தும் பரீட்சையில் தேறிப் பதிவு எண் பெற வேண்டும். எழுத்து, வாய்மொழி, செய்முறை என்று மூன்று பகுதி. அந்த எண் கிடைக்கும்வரை ஒரு பூனைக்குப் பூச்சி மருந்து எழுதிக் கொடுக்கக்கூட எனக்கு உரிமை இல்லை. அந்த எண்ணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சிறுநீரகம் வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

சீல் இல்லாத டொக்டர்

பரீட்சைக்குக் காத்திருந்த காலத்தில், வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்த கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். கிளினிக் நிரோஷாவுடையது. சிங்களப் பெண், என்னைவிட நான்கு வயது இளையவள், இங்கேயே படித்துப் பதிவு எண்ணோடு இருப்பவள். வாடிக்கையாளர்களிடம் பொறுக்கிய தமிழில் என்னை "அக்கே" என்பாள். நான் அவளை "டொக்டர்" என்பேன். நாயைப் பிடிப்பது, நிறை பார்ப்பது, என்ன வருத்தம் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவது இவை என் வேலை. ஊசி, மருந்து, சீல் மூன்றும் அவளுடையவை.

நானும் அம்மாவும் இருக்கும் ஃபிளட்டில் மூன்றாம் மாடியில் மனோன்மணி அன்ரி இருக்கிறா. கணவர் இல்லை, ஒரே மகள் தர்சினி ரொறொன்ரோவில். மகள் போகும்போது விட்டுவிட்டுப் போன நாய்தான் ஜிம்மி. ஜிம்மி சைவம். பருப்பும் சோறும், இல்லாவிட்டால் தயிரும் சோறும்; வெள்ளிக்கிழமையில் அதுவும் ஒருநேரம்தான். இதை அன்ரி கிளினிக்கில் இருக்கும் எல்லா நாய்க்காரருக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொல்வா. ஜிம்மி வரும்போதெல்லாம் தர்சினியும் வீடியோ கோலில் கூட வருவாள். ஒருநாள் நிரோஷா வர முன், நான் ஜிம்மியின் காதை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். போனுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது: "அம்மா, அவவின்ர கையை எடுக்கச் சொல்லுங்கோ. லைசென்ஸ் இல்லாத ஆளெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!"

பிறப்பிலேயே அப்படி

முதல் தடவை எழுத்தும் வாய்மொழியும் தேறினேன். செய்முறையில் மாட்டைப் பிடித்தேன், நாயின் காலுக்குக் கட்டுப் போட்டேன், எல்லாம் நன்றாகவே போனது. கடைசியாக இறைச்சிப் பரிசோதனை. கடைக்குப் போகும் இறைச்சி நல்லதா கெட்டதா என்று சொல்வதும் எங்கள் தொழிலில் ஒரு பகுதி என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, படுவதில்லை. உயிருள்ள நாயின் வயிற்றைத் திறக்க எனக்குப் பயமில்லை, அது நோயாளி. அதே சாமானை வெட்டித் தட்டில் வைத்தால் மச்சமாகிவிடுகிறது, என் மூக்கு தானாக மூடிக்கொள்கிறது. படிக்கும் காலத்திலும் இறைச்சிக்கூடத்துக்குக் கூட்டிப்போன நாளெல்லாம் கைலேஞ்சியோடு கடைசி வரிசையில் நின்று, தோழியின் கொப்பியைப் பார்த்து எழுதித் தப்பியவள் நான்.

பரீட்சையில் கடைசி வரிசை கிடையாது. இலக்கம் போட்ட தட்டுகள் அடுக்கியிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அரைக் கண்ணால் பார்த்து, மூன்றாம் தட்டுக்கு நேரே "ஆட்டின் சிறுநீரகம். முழுவதும் கட்டிகள். மனிதர் உண்ணத் தகாதது" என்று எழுதிவிட்டு வெளியே பாய்ந்தேன். பரீட்சகர் ஒரு பெண்மணி. என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மிக அன்பாகவே சொன்னா: "மிஸ், இது மாட்டின் சிறுநீரகம். இதற்கு ஒரு நோயும் இல்லை. இது பிறப்பிலேயே திராட்சைக் குலை மாதிரித்தான் இருக்கும்."

முழு நாடும் சைவமான நாள்

செய்முறையை மட்டும் மறுபடி செய்யச் சில மாதம் கழித்து ஒரு வாய்ப்புத் தந்தார்கள். அதற்குள் நிரோஷா பிள்ளைத்தாச்சியாகிவிட்டாள். அவள் லீவில் போகும்போது என்னிடம் பதிவு எண் இருந்தால் கிளினிக் திறந்திருக்கும். இல்லாவிட்டால் ஆறு மாதம் பூட்டு. ஒழுங்கை நாய் பூனை எல்லாம் தெஹிவளைக் கிளினிக்குக்குப் போக வேண்டும், நான் வீட்டிலிருந்து தேங்காய் துருவ வேண்டும். நிரோஷா வயிற்றைத் தடவிக்கொண்டு, "அக்கே, பேபி கவுன்சில் லெட்டர் வரும்வரை வெயிட் பண்ணாது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவே இறைச்சிக்கடைக்குப் போவதென்று முடிவெடுத்தேன்.

வெள்ளவத்தையில் இறைச்சிக்கடை வாசலில் நான் நின்றால், நான் வீடு திரும்ப முன் செய்தி அம்மாவிடம் போய்விடும். ஆகவே என்னை ஒருவரும் அறியாத கொட்டாஞ்சேனையைத் தெரிந்தெடுத்தேன். கிளினிக் பூட்டியிருந்த ஒரு விடுமுறை நாளில், கையுறை, கொப்பி, மூக்குக்குப் பூச விக்ஸ், இவற்றோடு பஸ் ஏறினேன். போனால் சந்தையில் இறைச்சிக்கடை எல்லாம் இழுத்து மூடியிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தேன். எதிரே ஓட்டோவுக்குள் சாய்ந்திருந்த டிரைவர் கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு இரக்கப்பட்டுச் சொன்னார்: "மிஸ், இன்னைக்குப் போயா, பௌர்ணமி. மாசத்துல இந்த ஒரு நாள்தான் நாடே சைவம். நீங்க பாத்துப் பாத்து இன்னைக்கா வந்தீங்க?"

வாங்காமல் நிற்கும் வாடிக்கையாளர்

அடுத்த கிழமை திரும்பப் போனேன். திறந்திருந்த முதற் கடை ரிஸ்வானுடையது. மாளிகாவத்தையிலிருந்து வருகிறவன், என் வயதுதான் இருக்கும், ஒரு காதில் போன் வயர் தொங்கும். உண்மையைச் சொன்னேன்: நான் சைவம், இறைச்சி தெரியாது, தெரியாவிட்டால் டொக்டர் ஆக முடியாது. அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். பிறகு ஒரு ஆட்டுச் சிறுநீரகத்தையும் ஒரு மாட்டுச் சிறுநீரகத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கண்ணை மூடிட்டுத் தொட்டுப் பாருங்கோ" என்றான். தொட்டேன். ஒன்று வழுவழு, மற்றது முடிச்சு முடிச்சு. என்னை ஊரறியத் தலைகுனிய வைத்த வித்தியாசம் இவ்வளவுதான். அவமானத்தில் கண் கலங்கியது. நல்லவேளை, விக்ஸ் மேல் பழி போட்டுவிட்டேன்.

அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள் போனேன். ஆட்டுக் கொழுப்பு வெள்ளை, மாட்டுக் கொழுப்பு மஞ்சள் தட்டும் என்று கண்ணால் கண்டேன். ஒருநாள் அவன் விற்காமல் ஒதுக்கிவைத்த மாட்டு ஈரலை வெட்டினபோது கத்தி நறநறவென்றது. ஈரல் பூச்சி என்று நான் துள்ளிக்கொண்டு சொன்னதைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் தன் ஈரலை உள்ளே எடுத்துக்கொண்டார். பன்றியைப் பற்றிக் கேட்டதற்கு ரிஸ்வான் இரண்டு கையையும் உயர்த்தி, "அந்தப் பாடத்துல நீங்களும் நானும் ஒரே கட்சி, டொக்டர்" என்றுவிட்டான். அதை நிரோஷா படம் கீறிக் காட்டினாள். சந்தைக்காரர் என்னை யாரென்று கேட்கவில்லை. கொப்பியும் கையுறையுமாய் நின்ற என்னைச் சுகாதாரப் பரிசோதகர் என்றே எண்ணிவிட்டார்கள். கத்திகள் கழுவப்பட்டன, ஈ மறைக்கும் வலைகள் இறங்கின, ஒருவர் ஏப்ரன்கூடக் கட்டினார். ரிஸ்வான் குனிந்து என் காதருகே சொன்னான்: "பி.எச்.ஐ. மாத்தயா வருஷக்கணக்கா கத்தியும் இறங்காத வலை இண்டைக்கு இறங்கீக்கி. நீங்க பாஸாகாமலே டெய்லி வாங்கோ, டொக்டர்."

விபூதியும் ஈரலும்

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. கடையின் உட்பக்கம் நின்று ஒரு மாட்டுச் சிறுநீரகத்தைக் கையில் ஏந்தித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பழக்கமான குரல் ஒன்று, "தம்பி, அரைக் கிலோ ஈரல், வழக்கம்போல" என்றது. எட்டிப் பார்த்தால் மனோன்மணி அன்ரி. நெற்றியில் மூன்று குறி விபூதி, நடுவில் சந்தனம், தோளில் அர்ச்சனைத் தேங்காய் இருந்த பை. அன்ரி வெள்ளி தவறாமல் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போவா என்பது ஃபிளட் முழுக்கத் தெரிந்த விஷயம். ஒருவரும் என்னை அறியாத இடம் என்று கொட்டாஞ்சேனையைத் தெரிந்தெடுத்த எனக்குத்தான் அது நினைவு வரவில்லை. ரிஸ்வான் ஒன்றும் அறியாதவனாய், "ஜிம்மி எப்பிடி ஈக்கான், அன்ரி?" என்று கேட்டான். அதற்குள் அன்ரி என்னைக் கண்டுவிட்டா.

எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. அன்ரிக்கு ஃபிளட்டின் ஐந்து மாடியும் தெரிந்திருக்கும். திரும்பி வரும் பஸ்ஸில், காலடியில் பையை வைத்துக்கொண்டு அன்ரி மெதுவாகச் சொன்னா. தர்சினி போன பிறகு ஜிம்மி பருப்புச் சோற்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டதாம், விலா எலும்பு தெரிந்ததாம், வீட்டில் தனக்குத் துணை அவன் ஒருவன்தானாம். இப்போது பல்கனியில் தனி அடுப்பு, தனிச் சட்டி. ஈரல் அவிகிற நேரம் வீட்டுக்குள் சாம்பிராணி. கேட்கக் கேட்க எனக்கு அன்ரிமேல் இருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது. ஆனால் கடையில் அன்ரி முதலில் சொன்ன வார்த்தை வேறு: "பிள்ளை, நான் உன்னைக் காணேல்லை. நீயும் என்னைக் காணேல்லை. முதல்ல அந்தச் சாமானைக் கீழ வை, ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்!"

அம்மாவின் மூக்கு

நாங்கள் இரண்டு பேரும் வாக்குத் தவறவில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நாளெல்லாம் ஒழுங்கைப் பூனைகள் வாசல்வரை என்னோடு ஊர்வலமாக வந்தன. நான் நேரே குளியலறைக்குப் போவேன், உடுப்பை நானே தோய்ப்பேன். இதுவரை ஒரு லேஞ்சியும் தோய்க்காத மகள் திடீரென்று உடுப்புத் தோய்த்தால் எந்தத் தாய்க்கும் சந்தேகம் வரும்.

ஒரு பின்னேரம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமலே, "எந்தக் கடை?" என்று கேட்டா. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அன்ரியை மட்டும் விட்டுவிட்டு. அழுகையும் வந்தது. அம்மா கீரைக் கட்டை முழுக்க ஆய்ந்தா. முடிந்ததும், "டொக்டரெண்டால் எல்லாம் பாக்கத்தானே வேணும். சமையலறைக்குள்ள மட்டும் அந்தக் கதை வேண்டாம்" என்றா. எழும்பிப் போகும்போது, அம்மா வாசலில் நின்று திரும்பிக் கேட்டா: "மேல் வீட்டு மனோன்மணியிட்டயும் லிஃப்டுக்க இதே மணம்தான் வருது. அவவும் சோதினை எழுதப்போறாவோ?"

இரண்டாம் தடவை

பரீட்சை நாள் காலையில் ரிஸ்வான் வட்ஸ்அப்பில் ஒரு மாட்டுச் சிறுநீரகத்தின் படத்தை அனுப்பியிருந்தான், கீழே பூங்கொத்துப் படம் ஒன்று. அதே மண்டபம், அதே பெண்மணி, அதே தட்டுகள். இந்தத் தடவை கைலேஞ்சியை எடுக்கவில்லை. முதல் தட்டு ஆட்டு ஈரல், நல்லது. இரண்டாவது மாட்டு ஈரல், பித்தக் குழாய் தடித்திருக்கிறது, பூச்சி, தள்ள வேண்டும். நான்காவதில் நிரோஷா கீறிய பன்றிப் படம் அப்படியே உயிரோடு கிடந்தது. ஐந்தாம் தட்டில் வந்தது என் பழைய எதிரி. கையுறை போட்ட விரலால் ஒருதரம் தடவினேன். முடிச்சு முடிச்சு. "மாட்டின் சிறுநீரகம். ஒரு குறையும் இல்லை" என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

பரீட்சகர் என் தாளைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, நினைவு வந்துவிட்டது. "போன தடவை ஓடினீர்களே, இப்போது சாப்பிடத் தொடங்கிவிட்டீர்களா?" என்று கேட்டா. இல்லை மேடம், இன்னும் சைவம்தான், இறைச்சிக்கடையில் நின்று படித்தேன் என்றேன். அவ புள்ளியைப் போட்டுவிட்டுச் சிரித்தா: "இந்த வேலைக்குச் சாப்பிடாத ஆள்தான் நல்லது, மிஸ். தள்ளிவிட்ட ஈரலை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டீர்கள்."

முதல் சீல்

பதிவுக் கடிதம் வந்து ஐந்தாம் நாள் நிரோஷாவுக்கு மகள் பிறந்தாள். கிளினிக்கை நான் திறந்தேன். மேசையில் என் பெயரும் எண்ணும் போட்ட புதுச் சீல் இருந்தது. முதல் நாள் நகம் வெட்ட வந்த இரண்டு பூனையைத் தவிர ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் மனோன்மணி அன்ரி ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா, மற்றக் கையில் போன், போனுக்குள் தர்சினி. ஜிம்மி இரண்டு நாளாய்ச் சாப்பிடவில்லை, ஓயாமல் சத்தியெடுக்கிறான், வயிற்றைத் தொட்டால் முனகுகிறான். தர்சினி முதலில் பதிவு எண்ணைக் கேட்டாள். சுவரிலிருந்த சான்றிதழுக்கு நேரே போனைப் பிடிக்கச் சொன்னேன். அவள் ஒவ்வொரு இலக்கமாக வாசித்துவிட்டு, "சரி, டொக்டர்" என்றாள். இவ்வளவு காலம் காத்திருந்த சொல். அனுபவிக்க நேரமில்லை.

"அன்ரி, கடைசியாய் என்ன சாப்பிட்டவன்?" என்று கேட்டேன். "பருப்புச் சோறுதான்" என்றா. "அவன் சைவம்தானே, டொக்டர்" என்று போன் எடுத்துக்கொடுத்தது. அன்ரியின் கண் என்னைக் கெஞ்சியது; கடையில் செய்த சத்தியம் எனக்கும் நினைவிருந்தது. ஆனால் பருப்புச் சோறு தின்ற நாய்க்கு நான் தேட வேண்டியது ஒன்று, கொழுப்புத் தின்ற நாய்க்குத் தேட வேண்டியது வேறொன்று. நான் பிழைவிட்டால் ஜிம்மி போய்விடுவான், என் சீலின் முதல் மை அவன் சாவுக்குத்தான் படும். "அன்ரி, இப்ப நான் கீழ் வீட்டுப் பிள்ளை இல்லை. டொக்டர் கேக்கிறன்" என்றேன். அன்ரி ஜிம்மியின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "ஈரல், பிள்ளை. அவன்ர பிறந்தநாளுக்கு முக்கால் கிலோ. கொழுப்போட, நெய்யில பொரிச்சு. வெள்ளிக்கிழமையில."

எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. கொழுப்புத் தாங்காமல் கணையம் வீங்கியிருக்கிறது. சேலைன் ஏற்றினேன், வலிக்கும் வாந்திக்கும் ஊசி போட்டேன், அன்று முழுக்க வாயில் ஒன்றும் வைக்கக்கூடாதென்றும், பிறகு கொழுப்பில்லாத கஞ்சியே கொஞ்சம் கொஞ்சமாக என்றும் எழுதி, அவன் கிளினிக் புத்தகத்தில் என் முதல் சீலைக் குத்தினேன். பதற்றத்தில் தலைகீழாகக் குத்திவிட்டேன். ஜிம்மி மூன்றாம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு எழும்பினான் என்பதை, உங்களைப் பயமுறுத்தாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய கணத்தை. சேலைன் சொட்டிக்கொண்டிருந்தது, அன்ரி மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தா, கையுறைப் பெட்டியில் சாய்த்து வைத்த போனை நாங்கள் இரண்டு பேரும் மறந்தேவிட்டோம். அதற்குள்ளிருந்து தர்சினி, இதுவரை நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்: "அம்மா, பத்து வயசில நான் ஒரு முட்டைக்கு அழுதனான். உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

இந்த நாட்டில் மிருக வைத்தியராகப் பதிய என்னென்ன வேண்டும் என்று இப்போது யாராவது கேட்டால், ஒரு பட்டம், ஒரு பரீட்சை, ஒரு மாட்டுச் சிறுநீரகம், அதோடு நாய் என்ன சாப்பிட்டது என்று கேட்க முன் வீடியோ கோலை நிறுத்துகிற புத்தி என்று சொல்கிறேன்.